வெற்று எடை: மூன்று கிலோ இருநூறு

பேரன்பும் பெருமரியாதையும் கொண்ட அண்ணன் அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் உங்கள் நலமும் என் நலமும் இப்போது ஆஸ்பத்திரியில் ஒரே ஃபைலுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தி வைக்கப்பட்டிருப்பதால் யார் யாரை விசாரிப்பது என்று விளங்கவில்லை. அண்ணியும் பிள்ளைகளும் சுகமா? அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? இங்கே என் மனைவியின் தையல் மெஷினுக்குப் புது பெல்ட் மாற்றியாயிற்று. மற்றபடி வீட்டில் யாவரும் சௌக்கியம், நான் ஒருவனைத் தவிர.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். கல்லீரல் என்ற சொல் என் வாயிலிருந்து வந்த மறுவிநாடி நீங்கள் போனை வைத்துவிடுகிறீர்கள். இந்த நான்கு மாதத்தில் பதினோரு தடவை அப்படி வைத்திருக்கிறீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும், அண்ணி எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு உங்கள் காதில் விழும்படி சத்தமாகப் படிப்பார். ஆகவே கோபப்படாமல் கடைசிவரை படிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நான் தோற்றுவிட்டேன். நாளைக் காலை பத்து மணிக்கு எனக்குக் கடைசி ஸ்கேன். டாக்டர் கேட்டது எண்பது கிலோ. இன்று காலை நான் நின்று பார்த்தது எண்பத்து நான்கு. பதினாறு வாரம் பாடுபட்டு எட்டு கிலோ குறைக்க வேண்டியவன் நான்கு கிலோவோடு போய் நிற்கப்போகிறேன். இதைக் கேட்டதும் உங்களுக்கு உள்ளூர ஒரு நிம்மதி வரும் என்பது எனக்குத் தெரியும். அந்த நிம்மதிதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஒரு சொட்டு மது தொடாமல், தட்டில் அளந்து போட்டுக்கொண்டு சாப்பிட்ட உங்கள் கல்லீரலை ஏதோ ஒரு கிருமி இருபது வருடம் சத்தமில்லாமல் அரித்திருக்கிறது. கண்ட கண்ட நேரத்தில் கண்டதைத் தின்ற எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. உங்களுக்கு வேறு கல்லீரல் வைத்தால்தான் ஆயிற்று, பாதியை வெட்டிக் கொடுத்தாலும் இரண்டு பேருக்கும் வளர்ந்துகொள்ளும் என்று சொன்னபோது, குடும்பத்தில் என் ஒருவன் ரத்தம்தான் உங்களுக்குப் பொருந்தியது. அன்று நான் பட்ட பெருமை கொஞ்சமில்லை. மறுநாள் என் ஸ்கேனை விளக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அந்த டாக்டர், "சார், இது கல்லீரல் இல்ல, வெண்ணெய்க் கட்டி" என்றார். நூற்றுக்கு முப்பது பங்கு கொழுப்பாம். "பதினாறு வாரம் தரேன். எண்பத்தெட்ட எண்பதாக்குங்க. கல்லீரல்ல கொழுப்பு பத்துக்குக் கீழ வரணும். வந்தா கத்திய எடுப்பேன். வரலைன்னா உங்க அண்ணன் பேர வெயிட்டிங் லிஸ்ட்ல போட்டுடுங்க, அது எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது." அந்த லிஸ்ட்டின் நீளத்தை நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை இங்கே எழுதப்போவதில்லை.

நான் இந்த மாவு மில் வாசலில் எடைமேடையைக் கட்டிக்கொண்டு அழுவது இருபத்து நான்காவது வருடம். உங்களுக்கு என் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாது, கேட்டதும் கிடையாது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். லாரி காலியாக வரும்போது நிறுத்தால் அது வெற்று எடை. சரக்கோடு போகும்போது மொத்த எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கின் எடை. தினமும் வருகிற லாரிகளுக்கு ஒவ்வொரு தடவையும் வெற்று எடை போட்டுக்கொண்டிருக்க மாட்டோம். ஒருமுறை போட்டதைக் கதவில் பெயின்ட்டால் எழுதிவிடுவோம், அப்புறம் அதுதான் கணக்கு. இதே முறையை என் உடம்புக்கும் வைத்தேன். ஆஸ்பத்திரித் தராசு, மருந்துக்கடைத் தராசு எதையும் நம்புகிறவன் நானில்லை. மேடையை ஒட்டிய என் அறையில் மூட்டை நிறுக்கும் தராசு ஒன்று இருக்கிறது, வருடா வருடம் சோதித்து முத்திரை போட்டது. ஆபீஸில் உடுப்பைக் கழற்றிவிட்டு நிற்க முடியாதே! அதனால் காக்கிக் கோட்டும் பூட்ஸுமாகவே ஏறி நிற்பது, பிறகு கழித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். முதல் நாளே இரண்டையும் தனியாக நிறுத்தேன். கோட்டு ஒரு கிலோ எண்ணூறு, பூட்ஸ் ஒரு கிலோ நானூறு. கோட்டின் காலருக்கு உள்பக்கம் 'வெற்று எடை 3.200' என்று அழியாத மையால் எழுதினேன். அடுத்த ஷிப்ட்காரர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

அடுத்து சாப்பாடு. எடை குறைய வேண்டுமானால் உள்ளே போகிற எடை குறைய வேண்டும், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு நாளைக்கு எழுநூறு கிராமுக்கு மேல் என் வாய்க்குள் எதுவும் போகக்கூடாது என்று சட்டம் போட்டு, சமையலறையில் ஒரு சின்னத் தராசும் வைத்தேன். மனைவி ஒரு தட்டு நிறையக் கீரையும் கேரட்டும் வேகவைத்த பருப்பும் கொண்டுவந்து வைப்பாள். நிறுத்தால் நானூற்றைம்பது கிராம் காட்டும். "என்னைக் கொல்லணும்னே முடிவு பண்ணிட்டியா?" என்று தட்டைத் தள்ளிவிடுவேன். தர்பூசணி இந்த வீட்டு வாசற்படியைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன், ஒரு துண்டே அரைக் கிலோ இருக்கிறது. அதற்குப் பதில் சிப்ஸ். அண்ணா, சிப்ஸைப் போல எடையில்லாத பண்டம் உலகத்தில் கிடையாது. இவ்வளவு பெரிய பாக்கெட் நூறு கிராம்கூட வராது. வறுத்த கடலை ஒரு கை, கேக்கு ஒரு துண்டு, வெண்ணெய் தடவிய ரொட்டி, மறுபடியும் சிப்ஸ். ஒரு நாள்கூட எழுநூறைத் தாண்டவில்லை. நாக்கைக் கட்டிய மாதிரியும் இல்லை. இவ்வளவு சுலபமான காரியத்துக்கா ஊர் உலகம் இப்படி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பரிதாபப்பட்டேன். மூன்றாவது வாரக் கடைசியில் கோட்டையும் பூட்ஸையும் கழித்த பிறகும் தொண்ணூறு கிலோ நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக என் தராசின்மேல் எனக்குச் சந்தேகம் வந்து, சோதனைக் கற்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். தராசு சரியாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் என்று ஒரு அம்மா இருக்கிறார். சின்ன உருவம், சிரிக்கவே சிரிக்காத முகம். என் எழுநூறு கிராம் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "எடை வேற, சக்தி வேற சார்" என்றார். "ஒரு டன் பஞ்சும் ஒரு டன் இரும்பும் என் மேடையில ஒண்ணுதாம்மா" என்றேன். "மேடையில ஒண்ணு. ஒரு கிலோ ஈர விறகையும் ஒரு கிலோ டீசலையும் எரிச்சுப் பாருங்க, ஒண்ணா?" என்றார். நூறு கிராம் வெள்ளரிக்காயைவிட நூறு கிராம் வறுத்த கடலையில் நாற்பது மடங்கு சக்தி இருக்கிறதாம். உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிக்கிற சக்தியைவிடக் கொஞ்சம் குறைவாக உள்ளே போனால், பற்றாக்குறைக்கு அது ஏற்கெனவே சேர்த்துவைத்த கொழுப்பை எடுத்துக்கொள்ளுமாம். இதற்குத்தான் கலோரி என்று பெயராம். "அப்போ அந்தக் கணக்குக்குள்ளேயே சிப்ஸ் தின்னலாமா?" என்று கேட்டேன். "தின்னலாம். ஒரு மணி நேரத்துல மறுபடியும் பசிக்கும், திரும்பவும் தின்பீங்க. கீரை, பருப்பு, முட்டை, மீன், தவிடு போகாத தானியம், இதெல்லாம் வயித்துல நிக்கும். தசை கரையாம கொழுப்பு மட்டும் கரையணும்னா சாப்பாடு தரமா இருக்கணும்" என்றார். தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடக்கச் சொல்லி ஒரு அட்டவணையும் கொடுத்தார். மூன்று வாரமாக நான் தள்ளிவிட்ட தட்டு அப்படியே அந்த அட்டவணையில் இருந்தது. வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் நீட்டினேன். அவள் படித்துவிட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டினாள்.

அதன்பிறகு ஒழுங்காக இருந்தேன். மில் சுற்றுச்சுவரை ஒட்டித் தினமும் ஆறு சுற்று நடந்தேன். ஐந்தாவது வாரம் தராசில் ஏறினால், ஒன்றரைக் கிலோ குறைந்து எண்பத்தெட்டரை! தொடங்கிய இடத்துக்கே இன்னும் வந்து சேரவில்லை என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. குறைந்துவிட்டது, குறைந்துவிட்டது என்று குதித்து, போகிற வழியில் அரைக் கிலோ கேக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி வேண்டாம் என்றாள், நானே சாப்பிட்டேன். அடுத்த இரண்டு நாளும் அந்தச் சந்தோஷம் வடியாததால் அடுத்தடுத்து என்னென்னவோ உள்ளே போயிற்று, எடை ஒரு கிலோ ஏறிவிட்டது. அன்று அவள் ஊசியில் நூல் கோத்தபடி என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, லாரிக் கதவுகளிலிருந்து நீங்கள் அறுத்தெடுக்கிற ஈய முத்திரைகள் ஒரு பெயின்ட் டப்பா நிறைய வைத்திருக்கிறீர்களே, அதைத் தாருங்கள், திரைச்சீலை காற்றில் பறக்காமல் அடிமடிப்பில் வைத்துத் தைக்கிறேன் என்று கேட்டாள். பேச்சை மாற்றினாளே என்ற நன்றியில் உடனே எடுத்துக் கொடுத்தேன். திரைச்சீலையைத்தான் இன்றுவரை தைத்த பாடில்லை, அது பாட்டுக்குப் பறந்துகொண்டிருக்கிறது. பாவம், அவளுக்கு நேரம் ஏது? ஞாயிற்றுக்கிழமையானால் என் காக்கிக் கோட்டைத் துவைத்து, அங்கே பிரிந்திருக்கிறது இங்கே பிரிந்திருக்கிறது என்று மெஷினில் போட்டுத் தைப்பதற்கே பொழுது சரியாகிவிடுகிறது.

இதற்கிடையில் விஷயம் வெளியே பரவி, நான் அண்ணனுக்குக் கல்லீரல் கொடுக்கப்போகிறேன் என்று தெரிந்த ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தோடு வரத் தொடங்கினார்கள். கேட் காவலர் இருக்கிறாரே, எங்கள் ஆட்கள் 'பூட்டு' என்று கூப்பிடுவார்கள், அவர் தினமும் பொரித்த முட்டை கொண்டுவருவார். "உடம்புல இருந்து ஒரு துண்டையே வெட்டிக் குடுக்கப் போறீங்க, தேத்திக்க வேணாமா?" என்று கண்கலங்கிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? மாடி வீட்டு அம்மா பாலில் ஏதோ பொடியைக் கலந்து டம்ளர் டம்ளராக அனுப்பினார். எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: "இப்பத்தான் சாப்பிட்டேன்." இவர்களெல்லாம் தெரியாமல் செய்தவர்கள், அதனால் மன்னித்துவிட்டேன். தெரிந்தே செய்தவர் ஒருவர் உண்டு. அவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் மில்லிலிருந்து உங்கள் பேக்கரிக்கு மாவு ஏற்றிவரும் லாரி டிரைவர் ஆறாவது வாரம் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்து, "அண்ணன் குடுத்தாரு" என்றார். திறந்தால் வெண்ணெய் பிஸ்கட். ஒன்றுகூட உடையாததாகப் பொறுக்கி அடுக்கியிருந்தீர்கள். உங்கள் பேக்கரி அடுப்பின் வாசனை அறை முழுவதும் பரவியது. அண்ணன் அன்பாக அனுப்பியிருக்கிறார் என்று இரண்டே நாளில் டப்பாவைக் காலி செய்தேன். அடுத்த வாரம் ஒரு டப்பா, அதற்கடுத்த வாரம் ஒன்று, பிறகு இன்னும் ஒன்று. டாக்டர் அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லியும் நிற்க முடியாத காலோடு போய் நின்று எனக்கு பிஸ்கட் சுட்டிருக்கிறீர்கள் என்று அண்ணி போனில் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் இளைத்துவிடக்கூடாது. இளைத்தால் கத்தி வைத்துவிடுவார்கள். அதற்காக என்னைக் கொழுக்க வைக்கிறீர்கள். "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எதுக்குடா பொழைக்கணும்?" என்று நீங்கள் கேட்டுவிட்டுப் போனை வைத்தது அந்த வாரம்தான். அண்ணா, நீங்கள் செய்தது அநியாயம். உங்கள்மேல் எனக்குக் கடுங்கோபம். மீதி மூன்று டப்பாவையும் திறக்கவில்லை. மூன்றையும் நிறுத்து, எடையை மூடியில் எழுதி, இந்தக் கடிதத்தோடு அதே டிரைவரிடம் திருப்பி அனுப்புகிறேன். ஒரு பிஸ்கட் குறையாது, வேண்டுமானால் நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா போனபோது எனக்கு ஏழு வயது, உங்களுக்குப் பதினைந்து. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பேக்கரி அடுப்புக்குப் போனீர்கள். சாயங்காலம் உடைந்த பிஸ்கட்டும் ஓரம் கருகிய ரொட்டியும் ஒரு பையில் வரும். எல்லாவற்றையும் என் முன்னால் கொட்டிவிட்டு, "நான் அடுப்படியிலயே சாப்பிட்டுட்டேன்டா, நீ சாப்பிடு" என்பீர்கள். நானும் சாப்பிடுவேன். அண்ணன் நாள் முழுக்க பிஸ்கட்டுக்கு நடுவில் நிற்கிறாரே, கொடுத்து வைத்தவர் என்று பொறாமைகூடப் பட்டிருக்கிறேன். உங்களோடு வேலை செய்த மாவு பிசைகிறவர் என் கல்யாணத்துக்கு வந்திருந்தபோது சொல்லித்தான் எனக்குத் தெரியும்: "உங்க அண்ணன் மத்தியானத்துல தண்ணியக் குடிச்சே ஓட்டுவாரு. தன் பங்க அப்படியே பையில கட்டிக்குவாரு." கல்யாண மாலையோடு சாப்பாட்டுக்கூடத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். இதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. என் உடம்பில் ஒட்டியிருக்கிற இந்தக் கொழுப்பு எங்கிருந்து தொடங்கியது என்று அந்த ஆலோசகர் அம்மா கேட்டபோது எனக்குப் பதில் தெரிந்திருந்தது, வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை.

அந்த டப்பாக்கள் ஏற்படுத்திய ஆவேசத்தில் ஒன்பதாவது வாரம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். முள் மிக மெதுவாக இறங்குகிறது, இனி அட்டவணையாவது ஒன்றாவது என்று இரண்டு நாள் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் காலை, நம் மாவு லாரி மேடையில் நிற்கிறது, நான் நம்பர் பிளேட்டைப் பார்க்க மேடைமேல் ஏறினேன். அவ்வளவுதான் தெரியும். லாரிக்கும் எனக்கும் ஒன்றாகச் சேர்த்து மேடை எடை காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. டிரைவர் ஜன்னலிலிருந்து பலகையைப் பார்த்துவிட்டு, "யோவ், என்னய்யா திடீர்னு தொண்ணூறு கிலோ ஏறுது? அநியாயமா இருக்கே!" என்று சண்டைக்கு இறங்கியவர்தான் முன்சக்கரத்தின் பக்கத்தில் நான் கிடப்பதைப் பார்த்தாராம். என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவர்தான். போகிற வழியில் மயக்கம் தெளிந்து நான் முதலில் கேட்டது, "தொண்ணூறா?" என்பதாம். பத்துப் பத்தாகத்தான் மேடை எடை காட்டும் என்பது தெரிந்தும், மயங்கிக் கிடந்தபோதுகூட என் எடை குறையவில்லையே என்று வழியெல்லாம் அவரிடமே புலம்பினேன்.

ஆஸ்பத்திரியில் கோட்டையும் பூட்ஸையும் கழற்றிப் போட்டுவிட்டுத் தங்கள் தராசில் ஏற்றி எண்பத்து நான்கரை என்று எழுதினார்கள். அதற்கு முந்தின நாள் என் தராசில் எண்பத்தாறு. ஆஸ்பத்திரித் தராசு ஒன்றரைக் கிலோ குறைவாகக் காட்டுகிறது, உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இப்படிப்பட்ட அலட்சியம் தகாது, உடனே சோதித்து முத்திரை வைக்கவும் என்று கட்டிலில் படுத்தபடியே இரண்டு பக்கப் புகார் எழுதிக் கொடுத்தேன். இன்றுவரை பதில் இல்லை. டாக்டர் வந்து, பட்டினி கிடந்தால் தசைதான் கரையும், கல்லீரல் இன்னும் கெட்டுப்போகும், இன்னொரு தடவை இப்படிச் செய்தால் ஃபைலை மூடிவிடுவேன் என்று கத்திவிட்டுப் போனார். மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏதோ சொல்ல வந்தாள். அப்புறம் சொல்லாமல், "அந்த அட்டவணைய விட்டு ஒரு கடுகு கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். எனக்கு சத்தியம் பண்ணுங்க" என்று கையை நீட்டினாள். சத்தியம் செய்தேன்.

அதன்பிறகு ஏழு வாரம். அண்ணா, ஏழு வாரமும் சத்தியத்தை மீறவில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டேன், ஆறு சுற்று பத்துச் சுற்றானது. ஆனாலும் பலன் என்ன? வாரத்துக்குக் கால் கிலோ, அரைக் கிலோ என்று நத்தை மாதிரி இறங்கி எண்பத்து நான்கில் வந்து நின்றுவிட்டது. 'பூட்டு'கூட, "முகமெல்லாம் வத்திப் போச்சே சார்" என்கிறார். அது கவலையில் வற்றிய முகம். நிஜமாகவே இளைத்திருந்தால் பேண்ட் தளர வேண்டுமா இல்லையா? என் ஐந்து பேண்ட்டும் இடுப்பில் அன்று எப்படி நின்றதோ அப்படியேதான் நிற்கின்றன. உடம்பில் தெம்பும் போய்விட்டது போலிருக்கிறது. இருபத்து நான்கு வருடமாகப் போட்ட காக்கிக் கோட்டே இப்போது தோளை அழுத்துகிறது, படியேறும்போது யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் இருக்கிறது. ஐம்பது வயதுக்கு ஒன்று குறைவு, அதற்குள் ஒரு கோட்டைக்கூடத் தூக்க முடியாதவனாகிவிட்டேன்.

ஆகவே நாளை அந்த டாக்டர் ஃபைலை மூடினாலும் மூடுவார். மூடினால் நான் காலில் விழுந்தாவது இன்னும் எட்டு வாரம் கேட்பேன். நீங்கள் அந்த எட்டு வாரமும் தாக்குப்பிடித்தே ஆகவேண்டும். உங்களுக்குக் கொடுத்திருக்கிற அட்டவணைப்படி சாப்பிடுங்கள். அடுப்புப் பக்கம் போகாதீர்கள். பிஸ்கட் சுடாதீர்கள். எனக்காகப் பயந்து ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்வதை நிறுத்துங்கள். நீங்கள் இல்லாமல் எனக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, ஆகவே நானாகச் சொல்கிறேன், ஒன்றும் இல்லை. என்னால் முடியாமல் போனதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு. உங்கள் ஆசி என்றும்போல் என்மேல் இருக்கட்டும், பிஸ்கட் உருவத்தில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
என்றும் உங்களுக்குக் கட்டுப்பட்ட, எண்பத்து நான்கு கிலோ எடையுள்ள
தம்பி

பின்குறிப்பு: மாவு லாரிக்கு டயர் வெடித்து ஒரு நாள் தாமதமானதால் கடிதம் கையிலேயே இருந்தது. இது மறுநாள் மாலை எழுதுவது. மேலே எழுதிய எடைகளை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும்.

ஸ்கேனுக்கு முன்னால் நர்ஸ், "கோட்டக் கழட்டுங்க" என்றாள். கழற்ற வேண்டாம், வெற்று எடை காலரில் எழுதியிருக்கிறது, கழித்துக்கொள்ளலாம் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தானே கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினாள். ஆணி காரையோடு பெயர்ந்து கீழே விழுந்தது. அதை யாரும் கவனிக்கும் முன்னே நான் தராசில் ஏறிவிட்டேன். எழுபத்தொன்பதரை. "என் புகாரை யாருமே படிக்கலையா? உங்க தராசு இன்னும் மோசமாயிடுச்சு" என்று கத்தினேன். அப்போதுதான் தரையில் கிடந்த கோட்டு கண்ணில் பட்டது. எடுத்துத் தராசில் வைத்தேன். ஆறு கிலோ முந்நூறு. அண்ணா, ஒரு கிலோ எண்ணூறு இருக்க வேண்டிய கோட்டு! அடிமடிப்பைத் தடவினால் வரிசை வரிசையாக ஈய முத்திரை. கைமடிப்பில், தோள்பட்டையில், காலருக்குக் கீழே, என் கையெழுத்துக்கு நேர் பின்னால். பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மனைவி கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொறஞ்சிருக்குன்னு தெரிஞ்சா அன்னைக்கே கேக்கு வாங்கிடறீங்க" என்றாள். "ஏறியிருக்குன்னா பட்டினி கெடக்கறீங்க. நான் வேற என்னதான் பண்றது? மெதுவா எறங்கற மாதிரி ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம கொஞ்சம் கொஞ்சமா வச்சுத் தச்சேன்." பேண்ட் ஐந்தையும் இடுப்பில் மூன்று தடவை பிடித்துத் தைத்திருக்கிறாள். நான் மயங்கி விழுந்த அன்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாளாம். சொன்னால் எழுந்து உட்கார்ந்ததும் கேக்குக் கடைக்குப் போவேன் என்று விழுங்கிவிட்டாளாம். இருக்கைக்கு அடியில் கல்லை ஒளித்துக்கொண்டு வந்த எத்தனை டிரைவர்களை நான் பிடித்திருக்கிறேன், என் தோளிலேயே நாலரைக் கிலோ ஈயத்தை ஏற்றிவிட்டாள், நான் காலரில் எழுதியதை நம்பிக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதேன்.

டாக்டர் ஸ்கேனை விளக்கு முன்னால் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "எட்டுப் பங்கு" என்றார். "இப்பத்தான் சார் இது கல்லீரல்." வருகிற புதன்கிழமை காலை நீங்களும் நானும் சேர வேண்டும். அண்ணியிடம் போனில் சொல்லிவிட்டேன். நீங்கள் போனை வாங்கவில்லை என்று சொன்னார், ஆனால் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றும் சொன்னார்.

மூன்று டப்பாவும் வருகின்றன. ஒரு பிஸ்கட் குறையாது என்று மேலே எழுதியதும் பொய்யாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஒரு டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்தேன். இரண்டாக உடைத்துப் பாதியைத்தான் சாப்பிட்டேன், மனைவி சாட்சி. மறுபாதியைக் காகிதத்தில் சுற்றி மேலாக வைத்திருக்கிறேன். உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டேன், அரை பிஸ்கட் தாராளமாகச் சாப்பிடலாமாம். அண்ணா, அதைக் கையில் வைத்துக்கொண்டு, நான் அடுப்படியிலயே சாப்பிட்டுட்டேன்டா என்று மட்டும் இந்தத் தடவை சொல்லிவிடாதீர்கள்.